கை வீக்கத்துக்கு நீர் மாத்திரை உதவாது

கேள்வி: எனக்கு வயது 52. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள், பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நான்கு மாதமாக இடது கை வீங்கி ரவிக்கைக் கை ஏறமாட்டேன் என்கிறது. காலையில் கொஞ்சம் வற்றுகிறது. நீர் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. யானைக்கால் நோய் கைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். மறுபடியும் ஆபரேஷன் வேண்டுமா? குடம் தூக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் பெரிய ஆறுதல் தந்த வரி, காலையில் கொஞ்சம் வற்றுகிறது என்பதுதான். வீக்கம் இன்னும் பெரும்பாலும் நீராகவே இருக்கிறது என்று அர்த்தம். இப்படியே விட்டால் அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டிப்படும், அப்புறம் குறைப்பது கடினம், அதனால் இந்த மாதமே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். இது யானைக்கால் கொசுவால் வந்ததல்ல, யாருக்கும் தொற்றாது. கையிலிருந்து நிணநீர் வடிகிற பாதை அக்குள் வழியாகத்தான் போகிறது. முடிச்சுகளை எடுத்து கதிர்வீச்சும் கொடுத்ததில் அந்தப் பாதை குறுகிவிட்டது, புரதம் கலந்த நீர் தோலுக்கடியில் தேங்குகிறது. நீர் மாத்திரை சிறுநீரைக் கூட்டும், புரதத்தை அங்கேயே விட்டுவிடும், அது மறுபடி நீரை இழுக்கும். வேறு காரணத்துக்காக (இதயம், ரத்த அழுத்தம்) யாராவது எழுதியிருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்று மட்டும் முதலில். உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கையையும் அக்குளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். புதிதாகக் கட்டியோ, ரத்தக் குழாயில் அடைப்போ இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அது சரி என்றால் உங்களுக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை. நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுங்கள், புற்றுநோய் மருத்துவமனைகளில் கேட்டால் சொல்வார்கள். முதல் சில வாரங்கள் தோலை மட்டும் நகர்த்துகிற மாதிரி மிக மெதுவாகத் தடவி நீரை வடியவைப்பார்கள், பிறகு பல அடுக்காகக் கட்டுப் போடுவார்கள், கட்டோடேயே கையை அசைக்கச் சொல்வார்கள். தசை அசையும்போது கட்டு எதிர்த்து நிற்பதால்தான் நீர் மேலே ஏறுகிறது. மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை வாங்கி நீங்களே இறுக்கிக்கொள்ள வேண்டாம், அது அதிகம் இழுபடும் துணி, சும்மா இருக்கும்போதே இறுக்கும். எண்ணெய் போட்டு அழுத்திப் பிடித்துவிடுவதும் வேண்டவே வேண்டாம்.

கை நன்றாகக் குறைந்த பிறகுதான் கம்ப்ரெஷன் ஸ்லீவுக்கு (கையை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை) அளவெடுக்க வேண்டும். வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கினால் வீங்கிய அளவிலேயே நிற்கும், காசும் வீண். பகலில் போட்டு இரவில் கழற்றுங்கள். புறங்கை வீங்கினால் கையுறையும் சேர்ந்து வேண்டும், இல்லாவிட்டால் நீர் விரல்களில் இறங்கும். தினமும் போட்டால் சுமார் ஆறு மாதத்தில் இழுப்பு தளர்ந்துவிடும், மாற்றுங்கள். இந்த வீக்கம் முற்றிலும் மறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தொடர்ந்து போடுகிறவர்கள் கையை அடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள்.

குடம் விஷயம். வீங்கிய கையால் எதையும் தூக்கக்கூடாது என்று பல காலம் பெண்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் இப்படிக் கை வீங்கிய 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, மிகக் குறைந்த எடையில் தொடங்கி மேற்பார்வையில் மெல்ல மெல்லக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை, கை வலுதான் கூடியது. ஆகவே நாளைக்கே நிறைகுடம் வேண்டாம். ஸ்லீவ் போட்டுக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி சின்னச் சொம்பிலிருந்து ஆரம்பியுங்கள். எடை அதிகமிருந்தால் குறைப்பதும் உதவும்.

அடுப்புச் சூடு, கத்தி, நகத்தோரம் கிழிவது, இவற்றிலிருந்து கையைக் காப்பாற்றுங்கள், தோல் வறளவிடாதீர்கள். கை திடீரென்று சிவந்து சூடாகி காய்ச்சலும் குளிரும் வந்தால் கிருமித் தொற்று, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். தடவுவதையும் கட்டையும் அவர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள்.