கேள்வி - பதில்: ஸ்கேனில் கரும்புள்ளிகள்... தம்பிக்கு ஆபத்தா?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. கோவிட் நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தான். மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் கண் விழிக்கவில்லை. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், ‘கார்ப்பஸ் கலோசத்திலும் புறணிக்கு அடியிலும் ஏராளமான நுண் ரத்தக்கசிவுகள்’ என்று இருக்கிறது. இப்போது வீட்டில் இருக்கிறான். நடக்கிறான், பேச்சுதான் மெதுவாக வருகிறது. வைரஸ் மூளைக்குள் போய்விட்டதா? பக்கவாதம் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இப்படி ஓர் அறிக்கையைக் கொடுப்பவர்கள் வீட்டாரோடு சற்று நேரம் உட்கார்ந்து விளக்கத்தான் வேண்டும். உங்களுக்கு அது கிடைக்காததில் எனக்கு வருத்தம். மூளை ஸ்கேன்களைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. ஆகவே நானே சொல்கிறேன்.

சி.டி. பொய் சொல்லவில்லை. இவ்வளவு சிறிய கசிவு அதில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்றொரு படமுறை உண்டு. கசிந்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்ததும், அவற்றிலிருந்த இரும்பு, ஹீமோசிடெரின் என்ற படிவாக அங்கேயே தங்கிவிடும். அந்த இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்கும். குலைந்த இடம் கறுப்பாகத் தெரியும். குலைவு இரும்பைத் தாண்டியும் பரவுவதால், புள்ளி உண்மைக் கசிவைவிடப் பெரிதாகவே படத்தில் விழும். மிக நுண்ணிய ரத்தக்குழாயான தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதை எந்த மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யும் நேரடியாகக் காட்டாது.

எத்தனை புள்ளிகள் என்பதைவிட, எங்கே என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நீண்டகால உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கசிவுகள் தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான இடங்களில் இருக்கும். வயதானவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து வருபவை மூளையின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும். உங்கள் தம்பிக்கு இருப்பதோ, இரண்டு பாதி மூளைகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலும், மூளையின் வெளியடுக்கான புறணிக்கு அடியிலும். இது கோவிட்டுக்கு முன்பே தெரிந்த அமைப்பு. சுவாசம் செயலிழந்து ஐ.சி.யூ.வில் இருந்த நோயாளிகளிடம் இதைக் கண்டதாக 2017-லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது. உயரமான மலைகளில் ஏறி, மூளை வீங்கிப் பிழைத்தவர்களுக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் இதே புள்ளிகள் உண்டு. அங்கே வைரஸே கிடையாது! ஆக்ஸிஜன் குறைவுதான் எல்லோருக்கும் பொது. கடும் தொற்றில் அதோடு ரத்தக்குழாய் உள்சுவரின் அழற்சி, நுண்ணிய ரத்த உறைவுகள், உறைவைத் தடுக்கத் தரும் ஹெப்பாரின் எல்லாம் சேரக்கூடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று, 2020-ல் கோவிட் கண்டு இறந்த 19 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. அவர்களில் பலரின் திசுவை 11.7 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்தில் படம் எடுத்தார்கள். மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பவை 1.5 அல்லது 3 டெஸ்லாதான். நுண்குழாய்ச் சுவர்கள் மெலிந்திருந்தன. அவற்றின் வழியே ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் கசிந்திருந்தது. வைரஸ் மட்டும் அந்தத் திசுவில் அகப்படவில்லை. உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் குழாய்ச்சுவர் செல்களில் படிந்திருந்ததை அதே குழு 2022-ல் காட்டியது. ஆகவே, உங்கள் தம்பியின் மூளையில் வைரஸ் குடியேறிவிட்டது என்று இந்தப் புள்ளிகளை வைத்து அஞ்ச வேண்டாம்.

அவை பெரும்பாலும் ஆறிய காயத்தின் தழும்புகள். இரும்பு எளிதில் போகாது. அடுத்த வருடம் எடுத்தாலும் தெரியும். மறுபடி எடுக்க நேர்ந்தால், முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுங்கள். 1.5-லிருந்து 3 டெஸ்லாவுக்கு மாறினாலே புள்ளிகள் கூடிவிட்டதுபோலத் தோன்றும்.

பக்கவாதம் வருமா என்பதை இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இந்த அறிக்கையைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். திடீரென வாய் கோணினாலோ, கை கால் சோர்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள் இருந்த ஓர் இளைஞர், சில மாதங்கள் கழித்துத் தன் படங்களைத் தானே எடுத்துவந்து, என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் மீட்சியை நான் கணிப்பதில்லை.

கேள்வி: கோவிட் லேசாக வந்து, வீட்டிலேயே குணமானேன். இப்போது மறதி அதிகமாக இருக்கிறது. நானும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
- இன்னொரு வாசகர்

பதில்: நான் சொன்ன நுண்கசிவுகள் உயிருக்குப் போராடியவர்களிடம் காணப்படுபவை. உங்களைப் போன்றவர்களின் படம் பெரும்பாலும் இயல்பாகவே வரும். ஆனால் மறதி உண்மையானது. முதலில் ஒரு பொது மருத்துவரிடம் தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் உங்களைப் பரிசோதித்துவிட்டுச் சொல்வார்.