ஸ்வெத்லானா: பழம்பெயரா, கவிஞர் தந்த பெயரா?

கேள்வி: என் கணவர் மாஸ்கோவில் மருத்துவம் படித்தவர். பிறந்து இரண்டு மாதமாகும் எங்கள் மகளுக்கு ஸ்வெத்லானா என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார். ‘பழங்கால ஸ்லாவியப் பெயர், நட்சத்திரம் என்று பொருள்’ என்கிறது ஓர் இணையதளம். என் மாமியாரோ, இது கிறிஸ்தவப் பெயர் என்று தயங்குகிறார். உண்மை என்ன? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: பொருளிலிருந்து தொடங்குகிறேன். ரஷ்ய மொழியில் ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. ‘ஸ்வெத்லி’ என்றால் ஒளி பொருந்திய, தெளிவான. அதனுடன் ‘ஆனா’ என்ற பெண்பால் ஈறு சேர்ந்து ஸ்வெத்லானா ஆகிறது. பெயரை ‘ஸ்வெத்’, ‘லானா’ என்று இரண்டாக உடைத்து, பின்பாதிக்குத் தனிப்பொருள் சொல்பவர்களை நம்பாதீர்கள். ‘ல்’ முன்பாதிக்குச் சொந்தம். நட்சத்திரத்துக்கு ரஷ்ய மொழியில் வேறு சொல் உண்டு. ‘புனிதமானவள்’ என்ற விளக்கமும் தவறு. புனிதத்தைக் குறிக்கும் ‘ஸ்வியாத்’ வேறு வேர். பத்தாம் நூற்றாண்டுக் கீவ் அரசன் ஸ்வியாத்தஸ்லாவின் பெயரில் இருப்பது அதுதான். உங்கள் மகளின் பெயருக்கு ‘ஒளிமிக்கவள்’ என்று பொருள் கொள்ளுங்கள்.

பழமை பற்றிய செய்தி உங்கள் கணவருக்கே புதிதாக இருக்கலாம். வேர் மிகப் பழையது; பெயர் அப்படியல்ல. 1802-இல் அலெக்ஸாந்தர் வஸ்தோக்கவ் என்ற கவிஞர் தாம் எழுதிய கதைப்பாடலின் நாயகிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். பின்னாளில் ஸ்லாவிய மொழியியலின் முன்னோடிகளில் ஒருவராகப் புகழ்பெற்ற அறிஞர் அவர். மொழியின் பழைய நெளிவுசுளிவுகளை அறிந்த கை செதுக்கியதால்தான், கேட்பவர்களுக்கு அது தொன்றுதொட்டு வந்த பெயராகவே படுகிறது. அன்றைய ரஷ்யப் பெண்களின் பெயர்களோ மரியா, அன்னா, தத்தியானா, எகத்தரீனா என்று பெரும்பாலும் எபிரேயமோ கிரேக்கமோ லத்தீனோ வழங்கியவை. தம் மண்ணின் மணமுள்ள ஒரு பெண்பெயருக்கு அன்றைய கவிஞர்கள் ஏங்கியதில் வியப்பில்லை.

அதை நாடறியச் செய்தவர் வசீலி ஷுக்கோவ்ஸ்கி. 1813-இல் வெளியான அவருடைய ‘ஸ்வெத்லானா’ கதைப்பாடல், ஜனவரி மாதத் திருக்காட்சித் திருநாளுக்கு முந்தைய இரவில் தொடங்குகிறது. கன்னிப்பெண்கள் குறி பார்க்கும் இரவு அது. தொலைவில் இருக்கும் காதலனிடமிருந்து ஓராண்டாகச் சேதியில்லாத ஸ்வெத்லானா, மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் அமர்கிறாள். அவன் வருகிறான். பனிப்புயலில் வண்டியேற்றிக் கொண்டுபோகிறான். கடைசியில் அவள் தனியே நிற்பது ஒரு சவப்பெட்டியின் முன். உள்ளே கிடப்பவன் அவனே. திடுக்கிட்டு விழிக்கிறாள், எல்லாம் கனவு. வாசலில் மணியோசை கேட்கிறது. உயிரோடு வந்து இறங்குகிறான் காதலன். இருளைக் கடந்து விடியலைக் காணும் பெண்ணுக்கு ‘ஒளிமிக்கவள்’ என்று பெயர்! இந்தப் பொருத்தத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். புஷ்கின் தம் ‘எவ்கேனி அனேகின்’ காவியத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு முகப்பாக இந்தப் பாடலின் வரிகளையே வைத்தார்.

பாட்டு பரவியது, பெயரைக் குழந்தைக்குச் சூட்ட வழியில்லை. அந்நாளில் பெயரிடல் திருச்சபையின் கையில் இருந்தது. புனிதர் நாட்காட்டியில் உள்ள பெயர்களுக்கே ஞானஸ்நானம். அதில் ஸ்வெத்லானா இல்லை. போர்க்கப்பலுக்குக்கூட இந்தப் பெயர் கிடைத்தது: 1905-இல் ஜப்பானோடு நடந்த சூஷிமாக் கடற்போரில் மூழ்கிய ரஷ்யக் கப்பல்களில் ‘ஸ்வெத்லானா’வும் ஒன்று. 1917 புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு அரசிடம் போனது, பெயருக்கும் கதவு திறந்தது. ஸ்டாலின் 1926-இல் பிறந்த தம் மகளுக்கு இதைச் சூட்டினார். அந்த மகள்தான், மறைந்த தம் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 டிசம்பரில் இந்தியா வந்து, மறு மார்ச்சில் டெல்லியின் அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் கேட்டவர். 1984-இல் விண்வெளியில் நடந்த முதல் பெண்மணி சவீத்ஸ்கயா, 2015-இல் இலக்கிய நோபல் பெற்ற பெலாரஸ் எழுத்தாளர் அலெக்ஸியேவிச் இருவரும் ஸ்வெத்லானாக்களே.

ஆக, உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்: இது மதம் தந்த பெயரல்ல, நூறாண்டுக்கு மேல் திருச்சபை ஏற்காதிருந்த பெயர். இன்று ஒரு ஸ்வெத்லானா ஞானஸ்நானம் பெறும்போது அவளுக்கு வழக்கமாகத் தருவது ஃபோத்தினியா என்ற கிரேக்கப் பெயர். அதற்கும் ஒளி என்றே பொருள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு வழங்கிய பெயர் அது.

அவர் மனம் இன்னும் இளகவில்லையென்றால் வேறொன்று இருக்கிறது. ‘ஸ்வெத்’தும் வடமொழியின் ‘ஸ்வேத’வும் ஒரே வேரில் கிளைத்தவை. இங்கே வெண்மையானது, அங்கே ஒளி ஆனது. வடமொழியில் ‘சதம்’ எனும் நூறு ரஷ்ய மொழியில் ‘ஸ்தோ’. ‘தச’ எனும் பத்து ‘தேசித்’. இவற்றின் உறவும் அதே முறைதான். இன்னும் இனிய செய்தி: ரஷ்யாவில் ஸ்வெத்லானாவை வீட்டில் ‘ஸ்வேத்தா’ என்று அழைப்பார்கள். பாட்டி பேத்தியை ‘ஸ்வேதா’ என்று கூப்பிட்டால், அது நம்மூர்ப் பெயராகவும் இருக்கும், அசல் ரஷ்யச் செல்லப்பெயராகவும் இருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு பக்கமும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் பெயர்கள் குறைவு.

உண்மையிலேயே தொன்மையான ஸ்லாவியப் பெண்பெயர்தான் வேண்டுமென்றால் லுத்மீலாவைப் பரிந்துரைப்பேன். ‘மக்களுக்கு இனியவள்’ என்று பொருள். 921-இல் கொல்லப்பட்ட செக் நாட்டு அரசகுலப் புனிதையின் பெயர் அது; ஆனால் அதற்குத்தான் திருச்சபைத் தொடர்பு உண்டு.

எழுதும்போது ‘ஸ்வெட்லானா’ வேண்டாம். அது ஆங்கில வழியாக வந்த உச்சரிப்பு. ரஷ்யர்களின் ஒலி நம் தகரத்தை ஒட்டி நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. ‘ஸ்வெத்லானா’ என்றே எழுதுங்கள். அழுத்தம் ‘லா’வில் விழும். உக்ரைனியர் ‘ஸ்வித்லானா’ என்பார்கள். உங்கள் கணவர் படித்தது மாஸ்கோவில் என்பதால் அந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஓராண்டு வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மாமியாரோடு நிதானமாகப் பேசுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் முதல் நாளிலேயே முடிவுசெய்து, சான்றிதழிலும் ஆதாரிலும் பின்னாளில் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள்.