பிஸ்மத் செலினைடு ஏன் உலோகம் போலக் கடத்துகிறது?

கேள்வி: எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பிஸ்மத் செலினைடு படிகம் வாங்கினோம். 'டோபாலஜிக்கல் இன்சுலேட்டர், 99.999 சதவீதத் தூய்மை' என்று லேபிள். மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா? இதில் எலக்ட்ரான் ஸ்பின்னைப் பார்க்க முடியுமா?

பதில்: படிகம் அசலாகத்தான் இருக்கும். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்றால் உள்ளே கடத்தாது, மேற்பரப்பு மட்டும் கடத்தும் என்பதெல்லாம் காகிதத்தில் வரைந்த படிகத்துக்கு. உலையில் வளர்க்கும்போது கொஞ்சம் செலினியம் ஆவியாகிப் போய்விடும். அது விட்டுப்போன காலியிடம் உபரி எலக்ட்ரான்களைத் தரும்; அவை படிகத்துக்குள்ளேயே ஓடும். லேபிளில் உள்ள ஐந்து ஒன்பதுகள் மூலப்பொருளில் வேற்று அணு எவ்வளவு கலந்திருக்கிறது என்றுதான் சொல்கின்றன. காணாமல் போன செலினியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் படிகங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ உபரி எலக்ட்ரான் சகஜம். படிகம் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அடியில் 10¹⁸ இருக்கும். மேற்பரப்பில் இருப்பது 10¹³ அளவுதான். லட்சத்துக்கு ஒன்று! மல்டிமீட்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

சரி, ஸ்பின். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் போல; அது பார்க்கும் திசைதான் ஸ்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ஓடும் திசையும் ஸ்பின்னும் கட்டிப்போட்டவை. கிழக்கே ஓடும் எலக்ட்ரானின் ஸ்பின் வடக்கே பார்த்தால், மேற்கே ஓடுவதன் ஸ்பின் தெற்கே பார்க்கும். திரும்பி ஓட ஸ்பின்னையே புரட்ட வேண்டும். காந்தத்தன்மை இல்லாத சாதாரண அழுக்கால் அது முடியாது. இதை வைத்துத்தான் சில விற்பனைத் தாள்களில் 'மின்தடையே இல்லை' என்று அடித்துவிடுகிறார்கள். சுத்தப் பொய். முடியாது என்பது நேர் 180 பாகை திரும்புவதற்கு மட்டும். 90 பாகை விலகலாம், 150-ம் விலகலாம், வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். 2007-ல் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க்கில் பாதரச டெல்லூரைடு அடுக்கில் கண்டது வேறு கதை. அங்கே ஓட்டம் விளிம்பில். முன்னே, பின்னே என்று இரண்டே திசை. அதனால் 'திரும்ப முடியாது' என்பது அங்கே ஏறக்குறைய முழுசாகப் பொருந்தும். உங்கள் படிகத்துக்கு அதைச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்று: மேல்முகத்தின் ஸ்பின்னும் அடிமுகத்தின் ஸ்பின்னும் எதிரெதிர். மொத்தமாக அளந்தால் கழிந்துபோகும்.

தரகர்களிடம் கேட்க வேண்டியது ஹால் அளவீடும் (காந்தப்புலத்தில் வைத்து உபரி எலக்ட்ரான் எவ்வளவு என்று கணிப்பது), குளிர்வித்து எடுத்த மின்தடை வரைபடமும். அவர்கள் நீட்டுவதோ எக்ஸ்ரே வரைபடம். அதில் அணு அடுக்கு தெரியும், இந்தக் காலியிடக் கணக்கு தெரியாது. எனக்கு ஒருமுறை மூன்று டப்பாக்கள் வந்தன. மூன்றிலும் ஒரே வரைபடத்தின் ஜெராக்ஸ். ஓரத்தில் இருந்த காபிக் கறை முதற்கொண்டு ஒன்றே! கேட்டால் 'ஒரே பேட்ச்' என்றார்கள். நம் கொள்முதல் முறையில் பீரோவுக்கும் படிகத்துக்கும் ஒரே விதி: மூன்று கொட்டேஷன், குறைந்த விலைக்கு ஆர்டர். ஹால் அளவீடு தருபவர் விலை கூடுதல், அதனால் அவர் அவுட்.

ஸ்பின்னை நேரே பார்க்க, ஒளியடித்து எலக்ட்ரானை வெளியே தள்ளி அளக்கும் கருவி வேண்டும். 2009-ல் பிரின்ஸ்டன் குழு அப்படித்தான் பார்த்தது. 2014-ல் கார்னெல் குழு, சில நானோமீட்டர் பிஸ்மத் செலினைடு படலத்தில் மின்னோட்டம் விட்டு, ஒட்டியிருந்த காந்தப் படலத்தின் காந்தத் திசையை அறை வெப்பநிலையிலேயே திருகிக் காட்டியது. ஸ்பின்னை வைத்துத் தகவல் சேமிக்கும் ஸ்பின்ட்ரானிக்ஸ் நினைவகம் கேட்பது இந்தத் திருகலைத்தான். உங்கள் துண்டில் அது வராது.

ப்ராஜெக்ட்டுக்கு நான்கு கம்பி வைத்து மின்தடை அளங்கள், துறையில் காந்தம் இருந்தால் ஹால் அளவீடும் எடுங்கள். செல்லோடேப் ஒட்டி உரித்தால் கண்ணாடி போல முகம் வரும், கம்பியை அங்கே சில்வர் பேஸ்ட்டால் ஒட்டுங்கள். சால்டரிங் அயர்ன் வேண்டாம். சூடு பட்டால் இன்னும் செலினியம் போகும், அந்தப் புகையும் விஷம்.