பர்மா தேக்கு என்று வாங்கிய மரம்: எதைச் சோதிக்கலாம், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வீடு கட்டுகிறோம். புதுச்சேரி மரவாடி ஒன்றில் பர்மா தேக்கு என்று சொல்லி நிலைக்கும் கதவுக்கும் மரம் கொடுத்தார்கள். ஆசாரி இழைத்துப் பார்த்துவிட்டு, "இது பர்மா இல்லை, தேக்கே இல்லையோ என்னவோ" என்கிறார். லேபில் கொடுத்தால் தெரியுமா?

பதில்: தெரியும், ஆனால் ஆசாரி சொன்னதில் இரண்டு சந்தேகம் கலந்திருக்கிறது. தேக்கா என்பது ஒன்று, பர்மாவில் விளைந்ததா என்பது வேறு. முதலாவதை உறுதியாகச் சொல்லிவிடலாம். உங்களிடம் கூடுதல் விலை வாங்கியது இரண்டாவதைச் சொல்லித்தான், அதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

முதலில் நீங்களே பாருங்கள். நிறத்தையும் எடையையும் நம்ப வேண்டாம், சாயமும் பாலிஷும் ஏற்றினால் வாகையும் தேக்காகத் தெரியும். வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து, குறுக்கே அறுத்த முனையைப் புது பிளேடால் ஒரு சீவு சீவி, லேசாக ஈரமாக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். தேக்கு என்றால் ஆண்டு வளையம் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும், அந்த வளையத்துக்குள்ளேயே வெளிப்பக்கம் போகப்போகத் துளை சிறுத்துவிடும். சில துளைகளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதோ அடைத்திருக்கும். ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பேரில் விற்கும் இரோக்கோவில் இந்த வரிசை கிடையாது, துளைகள் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நிறத் திசு பக்கவாட்டில் நீண்டிருக்கும். அது தேக்குக்கு உறவே இல்லை, நம் பண்ருட்டிப் பலாவின் குடும்பம். அதற்காக ஆப்பிரிக்கா என்றாலே போலி என்று நினைத்துவிடாதீர்கள், கானாவிலும் நைஜீரியாவிலும் நட்டு வளர்த்த அசல் தேக்கும் இருக்கிறது. வேகமாக வளர்ந்த தோட்டத் தேக்கில் துளை வரிசை கொஞ்சம் மங்கலாகவும் இருக்கலாம்.

அப்படிக் குழப்பம் வந்தால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கோ டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ அனுப்புங்கள். தூளும் சீவலும் வேண்டாம், வைரப்பகுதி (மரத்தின் உள்ளே இருக்கும் கருத்த, கெட்டியான பகுதி) உள்ள, பாலிஷ் படாத கட்டையாக இருக்கட்டும். வேகவைத்து மென்மையாக்கி, மூன்று திசையிலும் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெயர் தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். அறிக்கையில் டெக்டோனா கிராண்டிஸ் என்று வந்தால் தேக்குதான்.

ஆனால் பர்மாவில் வளர்ந்தாலும் கேரளத்து நிலம்பூரில் வளர்ந்தாலும் அது டெக்டோனா கிராண்டிஸ்தான், மைக்ராஸ்கோப்பில் ஊர் தெரியாது. வளையம் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த மரம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஊரைக் கண்டுபிடிக்க ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் எடை மட்டும் மாறும் அணு வகைகள்) சோதனை இருக்கிறது: மழைநீரில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும், அந்த நீரைக் குடித்து வளர்ந்த மரத்திலும் அது பதிந்துவிடும். டி.என்.ஏ.வும் உதவும், ஆனால் வைரத்தில் அது சிதைந்து போயிருப்பதால் எடுப்பதே பெரும்பாடு. இரண்டுக்கும் அந்தந்தக் காட்டு மாதிரிகள் ஒப்பிடக் கையில் இருக்க வேண்டும். ஒரு வீட்டு நிலைக்காக இவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன்.

அதைவிடக் காகிதத்தைக் கேளுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. "உருட்டாகத்தான் வந்தது, நாங்களே அறுத்தோம்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த வருஷம், எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பதற்கு ஆவணம் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

"பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டை இடித்த மரம்" என்று அடுத்து யாராவது நீட்டினால் அதற்கும் சோதனை உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களின் நடுவிலிருந்து காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது, அதற்கப்புறம் வளர்ந்த வளையத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, புகார் கொடுப்பதென்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதித்தால்தான் தெரியும் என்ற நிலையில் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு லேபுக்கு அனுப்பும். பில்லில் 'பர்மா தேக்கு' என்றே எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மிச்சத் துண்டுகளை அடுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், நிலையை இன்னும் ஊன்றவில்லை என்றால் கால் பக்கம் ஒரு துண்டு அறுத்து, தேதி போட்டு, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.