கிளட்ச்சை மாற்றாதீர்கள், இடது காலைப் பழக்குங்கள்

கேள்வி: 2014 மாடல் ஆல்ட்டோ 800 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. டிரைவிங் ஸ்கூலில் படித்துத்தான் லைசென்ஸ் எடுத்தேன். மதுரை ஆண்டாள்புரம் பாலத்தில் ஏறும்போது முன்னால் வண்டி நின்றுவிட்டால், என் கார் பின்னால் சரிகிறது, இல்லாவிட்டால் ஆஃப் ஆகிறது. தீய்ந்த வாடை வேறு. கோவைப் பக்கம் நடக்கும் ஆட்டோகிராஸ் கார் போட்டியில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க ஆசை. வண்டியைப் பார்த்த ஒருவர், கிளட்ச் போய்விட்டது, ரேஸ் கிளட்ச்சும் சைலன்ஸரும் போட 40,000 ரூபாய் ஆகும், போட்டி லைசென்ஸும் நானே எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (திருநகர் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் கிளட்ச் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். காலியான நேர்சாலையில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் சட்டென்று எகிறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட் வழுக்குகிறது.

வழுக்கினாலும் அவசரப்பட வேண்டாம். உங்கள் வண்டி கேபிள் கிளட்ச். பிளேட் தேயத் தேய, கிளட்ச் பிடிக்கும் இடம் பெடலில் மேலே ஏறிக்கொண்டே வரும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தெரிவதற்கு முன் கொஞ்சம் லூஸாக ஆட வேண்டும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்பார்கள். அது துளியும் இல்லையென்றால், நீங்கள் மிதிக்காதபோதும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அழுந்தியே இருக்கிறது, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் முழுப் பிடி கொடுக்காது, நல்ல பிளேட்கூட வழுக்கும். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் ஒரு நட் இருக்கிறது. அதைத் திருகி ஃப்ரீ பிளேயைக் கொண்டுவந்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். ரொம்ப லூஸாக விட்டாலும் தப்பு: கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரக்கும். மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். நட்டைத் திருக மரையே மிச்சம் இல்லை, கடைசிக்கு வந்துவிட்டது என்றால் மட்டும் பிளேட் தேய்ந்து முடிந்தது என்று பொருள். அப்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் எதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் ஆணித் தலைகள் தேய்மானப் பரப்புக்குள் நன்றாக அமிழ்ந்து இருந்தால் அது இன்னும் ஓடியிருக்கும். ஆணித் தலை பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றியது நியாயம். பழைய பிளேட்டைக் காட்ட மறுக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

ரேஸ் கிளட்ச் என்கிறார்களே, அதில் பெரும்பாலும் செம்பு அல்லது செராமிக் துண்டுகள் இருக்கும். அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் முழுதாக விடும். நடுவே ஹாஃப் கிளட்ச், அதாவது பாதி பிடித்த நிலை, என்று ஒன்று அதில் இல்லாத மாதிரிதான். சித்திரைத் திருவிழா நேரத்தில் கோரிப்பாளையத்தில் அடி அடியாக நகர அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? 800 சிசி இன்ஜினின் முறுக்குவிசை (டார்க்) 69 நியூட்டன் மீட்டர்தான். கம்பெனி பிளேட்டே அதைத் தாராளமாகத் தாங்கும்.

கோளாறு பெரும்பாலும் வண்டியில் இல்லை, நீங்கள் கற்ற விதத்தில் இருக்கிறது. ஸ்கூல் காரில் ஆசான் பக்கமும் ஒரு கிளட்ச் பெடல் உண்டு. வண்டி திணறும்போதெல்லாம் அவர் கால்தான் அதைக் காப்பாற்றியது. டெஸ்டிலும் சமதரையில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கத் தெரியாத ஒருவர் கையில் லைசென்ஸைக் கொடுத்து பாலத்துக்கு அனுப்புவது, அவருக்குப் பின்னால் பைக்கில் நிற்பவருக்குச் செய்யும் துரோகம். எத்தனை ஆண்டாகச் சொன்னாலும் இது மாறவில்லை.

இப்படிப் பழகுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் பட வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம், ரப்பர் செருப்பின் முனை பெடலுக்கு அடியில் போய் மாட்டும். அடி மெலிந்த ஷூ போடுங்கள். சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுங்கள். இன்ஜின் சத்தம் அரைக்கட்டை இறங்கும், பானெட் மூக்கு சற்றே அசையும். பிடிக்கும் இடம் அதுதான். மூன்று வினாடி அங்கேயே நிறுத்தி, மறுபடி மிதியுங்கள். ஒரு நாளைக்கு 30 தடவை. ஐந்தாறு நாளில் பார்க்காமலே கால் அந்த இடத்துக்குப் போய்விடும்.

பிறகு ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்து, கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டி முன்னால் போக முண்டும், ஹேண்ட் பிரேக் தடுத்து நிறுத்தும். அந்த இழுபறி உடம்பில் தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. நிற்கும் நேரமெல்லாம் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்ததால்தான் அந்தத் தீய்ந்த வாடை. ஒருமுறை வாடை வந்தால் பிளேட் போய்விடாது. கால் மணி நேரம் ஆறவிட்டால் போதும்.

ஆட்டோகிராஸ் என்பது பக்கத்தில் பக்கத்தில் ஓடும் ரேஸ் இல்லை. கூம்புகள் வைத்த வளைவுப் பாதையில் ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு ஓடும். அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் பார்க்கிங் மைதானத்துத் தார்த் தரையில் நடத்துகிறார்கள், நம் நாட்டில் மண்தரையிலும் உண்டு. கூம்பைத் தட்டினால் வினாடிகள் கூடும். முதல் கியரில் கிளம்பி இரண்டாவதுக்கு ஒரே ஒரு மாற்றம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஹீல் அண்ட் டோ (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்ஸிலேட்டரையும் தட்டும் வித்தை) கற்றுத்தருகிறேன் என்று வகுப்புக்குப் பணம் கேட்பவரிடமும் போகாதீர்கள், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். வளைவில் மூக்கு வெளியே தள்ளினால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காமல் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள், முன்சக்கரம் மறுபடி தரையைப் பற்றும். உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை. சக்கரம் இறுகிச் சறுக்கினால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டால்தான் ஸ்டியரிங் கேட்கும். பக்கத்துக் கூம்பைப் பார்க்காதீர்கள், கண் எப்போதும் அடுத்த கூம்பில் இருக்கட்டும்.

பழக ஐந்து காலி பெயின்ட் வாளிகள் போதும். 15 மீட்டருக்கு ஒன்றாக வைத்து, முதல் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நெளிந்து போங்கள். நிலத்துக்காரர் சம்மதத்தோடு, வேலி போட்ட தனியார் இடத்தில் மட்டும். ரிங் ரோடு, நத்தம் மேம்பாலம், வற்றிய கண்மாய் எதுவும் வேண்டாம். பொது இடத்தில் வேகப்போட்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் மூன்று மாதச் சிறை வரை உண்டு. இவ்வளவு பெரிய ஊரில், ஆசைப்படும் பிள்ளைகள் பத்திரமாக ஓட்டிப் பழக ஒரு மூடிய மைதானத்தை ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கோவைப் பக்கம் செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோதான் போக வேண்டியிருக்கிறது.

லைசென்ஸுக்கும் இடைத்தரகர் தேவையில்லை. போட்டி லைசென்ஸைத் தருவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு. அவர்கள் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எந்த வகை லைசென்ஸ், எந்தத் தர ஹெல்மெட் என்பதெல்லாம் அந்தந்தப் போட்டியின் விதிமுறை அறிவிப்பில் இருக்கும், அதைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். சைலன்ஸரை மாற்றினால் போட்டியில் பிரிவு மாறலாம், சாலையில் அபராதமும் வரும்.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். சாதாரண பாலிசியில், ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன. போட்டித் தடத்தில் வண்டி அடிபட்டால் செலவு உங்களுடையது. நடத்துபவர்கள் என்ன காப்பீடு எடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

போட்டிக்கு முன் ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். தார்த் தரை என்றால் முன் டயரில் காற்றை, கதவோர ஸ்டிக்கர் அளவைவிட 3, 4 புள்ளி கூட்டுங்கள். டயர் பட்டனும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று இன்னும் போதாது. செம்மண் தரை என்றால் காற்றைக் கூட்டாதீர்கள், ஆனால் வீடு வந்ததும் ஏர் ஃபில்டரை உள்பக்கத்திலிருந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மதுரைக்குக் கிளம்புமுன் டயர் ஆறிய பிறகு காற்றைப் பழைய அளவுக்கு இறக்கி, நான்கு சக்கரத்து வீல் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.