பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ரீலோடிங் பிரஸ்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம்?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவி, 14 வயது மகளோடு சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவது பழக்கமாகிவிட்டது. 9 எம்எம் பிஸ்டல் ஒன்று, .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று இருக்கின்றன. தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. வீட்டைக் காலி செய்து போகும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய ரீலோடிங் பிரஸ் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கும் கைமெஷின்), அதில் மாட்டும் டைகள் எனும் அச்சுகள், ஒரு வாளி நிறைய காலிக் கூடுகள், ஒரு ஜாடி வெடிமருந்து, அளவுகள் எழுதிய பழைய நோட்டு என எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். குடும்பமாக உட்கார்ந்து தோட்டா நிரப்பலாம் என்று ஆசை. எச்1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன தம்பி விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு இந்தத் தடை இல்லை. நம்மவர்கள் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் முழுத் தோட்டா மட்டும் தோட்டா அல்ல. காலிக் கூடு, ப்ரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), குண்டு (பறந்துபோகும் முனை), மருந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகவே தோட்டாதான். ஆகவே உங்கள் ரீலோடிங் அறையின் சாவி தம்பி கையில் இருக்கக் கூடாது. "கொஞ்சம் பிரஸ்ஸை இழுத்துக் கொடுடா" என்று கூப்பிடவும் கூடாது. ரேஞ்சில் ஒரு ரவுண்டு சுட்டுப் பார்ப்பதும் அவருக்குச் சிக்கல்தான். வேட்டை உரிமம் எடுத்து முறையாக வருவதாக இருந்தால், முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். இல்லையென்றால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இருக்கிறது: 4.5 எம்எம் பெல்லட், ஒலிம்பிக் முறைப்படி 75 நிமிடத்தில் 60 சுடுதல். காற்றழுத்தத்தில் இயங்குவதால் மத்தியச் சட்டம் அதைத் துப்பாக்கியாகக் கருதுவதில்லை. (எடிசன் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். நியூஜெர்சியில் ஏர் கன்னும் துப்பாக்கிதான்.)

அடுத்தது மகள். 18 வயதுக்குட்பட்டவர் கைத்துப்பாக்கியைக் கையில் எடுக்கவே மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் பிள்ளையிடமே இருக்க வேண்டும். நீங்கள் தோளோடு தோள் நின்றாலும் சரி, ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளுடைய ரேஞ்ச் பையில் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம், மகள் எதைச் சுடுகிறாள்? 9 எம்எம் என்றால் என் யோசனை, அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு .22 பிஸ்டல் வாங்குங்கள். உதைப்பு மிகக் குறைவு, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் 9 எம்எம்மில்தான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வருடக்கணக்கில் போகாது. .22 தோட்டாவை ரீலோட் செய்ய முடியாது. தீப்பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அடித்து விளிம்பு நசுங்கியதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஆக, உங்கள் குடும்பத்தில் அதிகம் சுடப்போகிறவருக்கு ரீலோடிங்கே தேவைப்படாது. 4-எச் என்ற சிறுவர் அமைப்பின் துப்பாக்கி சுடுதல் வகுப்பு உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா சொல்லிக் கேட்காத பிள்ளைகள் அங்கே இருக்கும் பயிற்சியாளர் சொன்னால் கேட்கும்.

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம்.

பழைய ஒற்றை நிலை பிரஸ் என்றால் அதிர்ஷ்டம்தான். வார்ப்பிரும்பு பிரஸ் தலைமுறைக்கும் வரும். துடைத்து எண்ணெய் போட்டால் போதும். ஒரு இழுப்பில் ஒரு வேலை மட்டுமே செய்யும் பிரஸ் இது. கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா கொட்டும் புரோக்ரஸிவ் மெஷினைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் வருடம் ஒற்றை நிலைதான் நல்லது. டைகளில் கார்பைடு டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிஸ்டல் கூடுகளுக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம்.

வாளியில் இருக்கும் கூடுகளைப் பிரிப்பதுதான் முதல் வேலை. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, தள்ளுங்கள். வெள்ளையாக லேசாக இருந்தால் அலுமினியம், அதையும் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் பித்தளைக் கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவாக ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, வேலைக்கு ஆகும். ஓரமாக இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டன் வகை. அதைச் சாதாரண டையில் போட்டால், பழைய ப்ரைமரைத் தள்ளும் டையின் ஊசி உடையும். (பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கர்கள் பாக்ஸரையும் ஐரோப்பியர்கள் பெர்டனையும் பிடித்துக்கொண்டார்கள்!) 9 எம்எம் குவியலுக்குள் .380 கூடுகள் ஒளிந்துகொண்டிருக்கும். .380 கூடு 17 எம்எம் நீளம், 9 எம்எம் கூடு 19. கண் ஏமாறும். கூட்டின் அடியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள், சந்தேகம் வந்தால் காலிப்பரை வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். கழுவிக் காய்ந்த கூடுகளைப் பிரிப்பது, அளப்பது, பதிவேட்டில் எழுதுவது, ரேஞ்சில் குரோனோகிராஃப் கருவி காட்டும் குண்டின் வேகத்தைக் குறித்துக் கணக்குப் போடுவது எல்லாம் மகளும் மனைவியும் தாராளமாகச் செய்யலாம். குடும்பமாகச் செய்யும் பங்கு அதோடு முடிகிறது. மருந்து அளக்கும்போது அந்த மேசையில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். பேச்சு, டிவி, போன், பியர் எதுவும் கூடாது. ரீலோடிங்கில் நடக்கும் பல விபத்துகளுக்குக் கவனம் சிதறிய ஒரு நிமிடம்தான் காரணம்.

9 எம்எம்மா .38-ஆ, எதில் தொடங்குவது? .38-இல். 9 எம்எம் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. .38 ஸ்பெஷலுக்கு 17,000. 9 எம்எம் கூட்டுக்குள் இடம் கொஞ்சம்தான். குண்டு இம்மி அளவு கூடுதலாக உள்ளே இறங்கினாலும் அழுத்தம் எகிறிவிடும். .38 அந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. ரிவால்வர் கூடுகளை மூலைக்கு மூலை வீசியெறிவதும் இல்லை. வாட்கட்டர் எனும் தட்டைத்தலைக் குண்டு போட்டுச் சுட்டால் காகிதத்தில் பஞ்ச் மெஷின் வைத்தது போலத் துளை விழும், புள்ளி எண்ணுவது சுலபம்.

.38-இல் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு. இது 1898 வாக்கில் கரிமருந்துக் காலத்து அளவில் பிறந்த தோட்டா. கரிமருந்து இடத்தை அடைக்கும், அதற்கேற்ற நீளமான கூடு. இன்றைய புகையில்லா மருந்து அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். அதனால் தவறிப்போய் இரண்டு முறை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. குண்டை அழுத்தி மூடிவிட்டால் மற்றதோடு மற்றதாக நிற்கும். சுடும்போது ரிவால்வரின் உருளை வெடிக்கும். கையும் கண்ணும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இதைத் தடுக்கும் வழி எளியது, ஆனால் ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். 50 குழி உள்ள இரண்டு தட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரைமர் போட்ட கூடுகள் இடது தட்டில் வாய் கீழாகக் கவிழ்ந்திருக்கட்டும். ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, மருந்து போட்டு, வலது தட்டில் வாய் மேலாக நிறுத்துங்கள். கவிழ்ந்திருக்கும் கூட்டில் மருந்து போடவே முடியாது. நிமிர்ந்திருப்பதில் இனிமேல் போடத் தேவையில்லை. 50-உம் முடிந்ததும் விளக்கைத் தட்டுக்கு நேர் மேலே இழுத்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். எல்லாக் கூட்டிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று மேடாக இருந்தால் இரட்டை, ஒன்றில் அடிப்பித்தளை மின்னினால் காலி. சந்தேகம் வந்த கூட்டைக் கொட்டி மறுபடி அளந்து போடுங்கள். நடுவில் யாராவது காலிங் பெல் அடித்தால், கையில் இருக்கும் கூட்டைக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மருந்து வாங்கும்போதே, அளவுப் புத்தகத்தில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தாகப் பார்த்து எடுத்தால் இரட்டை போட்டதும் வழிந்துவிடும். இன்னொன்று, தராசு பக்கத்தில் சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. 4 கிரெய்ன் என்பது கிட்டத்தட்ட கால் கிராம். ஃபேன் காற்றுக்கே முள் ஆடும்.

அளவு என்றதும் அந்தப் பெரியவரின் நோட்டு ஞாபகம் வருகிறது. நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்து நிரப்பாதீர்கள். மருந்து, குண்டின் எடை, குண்டின் வகை, ப்ரைமர், தோட்டாவின் மொத்த நீளம் எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் அளவு. ஈயக் குண்டுக்கான அளவு செம்புறை போட்ட குண்டுக்கு ஆகாது. மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ வெளியிடும் இன்றைய புத்தகத்தை எடுத்து, அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். காகிதத்தில் துளை போட அதிகபட்சம் வரை போகவே தேவையில்லை. பிரஷர் கூடினால் குறி கூடாது, கை வலிதான் கூடும்.

ஜாடி மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெயர் ஒட்டாத மருந்தை நிறத்தையும் மணியின் வடிவத்தையும் பார்த்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. மெதுவாக எரிவது என்று நினைத்து வேகமாக எரிவதைப் போட்டால் கதை முடிந்தது. குப்பைத் தொட்டியிலோ சிங்க்கிலோ கொட்டாமல், ஊர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டு எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். நீங்கள் புதிதாக வாங்கும் மருந்து எப்போதும் கம்பெனி டப்பாவிலேயே இருக்கட்டும், மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா. வாட்டர் ஹீட்டர் ஓடும் கராஜ் மூலையில் வைக்காதீர்கள். ப்ரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே தனியாக, பூட்டி வையுங்கள். ஒன்றோடொன்று உரசும்படி பாட்டிலில் கொட்டி வைப்பது ஆபத்து.

முதல் முறை சுடப் போகும்போது உங்கள் மூவருக்கும் ஒரே பாடம். "டப்" என்று பலமாகக் கேட்க வேண்டிய இடத்தில் "புஸ்" என்று கேட்டால், கை உதறல் இல்லாமல் போனால், உடனே நிறுத்த வேண்டும். மருந்து இல்லாத கூட்டில் ப்ரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்தியிருக்கலாம். அடுத்த தோட்டா அதன் மேல் போய் மோதினால் குழல் பிளக்கும். குழலைக் குறிப்பலகை பக்கமே வைத்தபடி அரை நிமிடம் காத்திருங்கள், தோட்டாக்களை இறக்குங்கள், ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். இன்னொரு தோட்டாவைச் சுட்டு அதை வெளியே தள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆள் பக்கத்து லேனில் கூட நிற்க வேண்டாம். காதுக்குள் இயர் பிளக், அதன் மேல் இயர் மஃப், இரண்டும் உங்கள் மகளுக்கு வேண்டும்.

ஈயத்தைப் பற்றி அமெரிக்கர்களே அலட்சியமாக இருப்பதைப் பார்க்கிறேன். குண்டில் மட்டுமல்ல, சாதாரண ப்ரைமரிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டைச் சுற்றியிருக்கும் கரியில் அதுதான். கூடுகளைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் டம்ளர் மெஷினில் உலர்வாகப் போட்டுக் குலுக்கும்போது கிளம்பும் தூசி வீட்டுக்குள் வரவே கூடாது. தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவும் முறை இதற்கு மேல், அந்தத் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்றக் கூடாது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் வரையறையைக் குறைத்தது. ரேஞ்சிலிருந்து வந்ததும் செருப்பை வெளியே கழற்றுவது நம் வீட்டுப் பழக்கம்தானே, அது இங்கே பெரிய உதவி. கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். போட்டிருந்த துணி தனியாகத் துவைக்கப்பட வேண்டும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அந்தக் காலம் முழுவதும் ரேஞ்சும் ரீலோடிங் அறையும் அவருக்கு விலக்கு. வருடத்துக்கு ஒருமுறை மூவரும் ரத்தப் பரிசோதனையில் ஈயத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி காசு. ஒரு பவுண்டு மருந்தில் 7,000 கிரெய்ன். கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 4 கிரெய்ன் என்று வைத்தால் (இதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்) 1,750 தோட்டா வரும். மருந்துச் செலவு சில்லறைதான். குண்டும் ப்ரைமரும்தான் பணம். கூடு உங்களிடமே இருக்கிறது. உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். மொத்தமாக வாங்கும் 9 எம்எம்மில் மிச்சம் அதிகம் நிற்காது. தராசு, காலிப்பர், டம்ளர் வாங்கிய காசு திரும்புவதற்கே நாளாகும். கடையில் விலை கூடிய .38-இல் மிச்சம் நன்றாகவே தெரியும். அதையும் மீறி ஒரு உண்மை: மிச்சமாகும் பணத்துக்கும் சேர்த்து நீங்கள் சுட்டுத் தீர்த்துவிடுவீர்கள்.

நாலு மாதம் கழித்து ரேஞ்சில் யாராவது உங்கள் தோட்டாவைப் பார்த்து, "எனக்கும் ஒரு பெட்டி போட்டுக் கொடுங்கள், காசு தருகிறேன்" என்பார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்பனைக்கென்று நிரப்பத் தொடங்கினால் உரிமம் தேவை. காசு வாங்காமல் சும்மா கொடுத்தாலும், அது வேறொருவர் துப்பாக்கியில் வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நண்பராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால் பிரஸ்ஸை வந்து பார்க்கச் சொல்லலாம், மருந்து அளக்காத நேரத்தில்.