சான்றிதழ் இருக்கிறது, பழைய பைக்கை நம்பி வாங்கலாமா?

கேள்வி: 1974-இல் தயாரான இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட்டும் குரோமும் கண்ணைப் பறிக்கின்றன. மூன்று மாதத்துக்கு முன் நடந்த சாலைத் தகுதிப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறியதாக விற்பவர் சான்றிதழைக் காட்டுகிறார். "இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார். இந்தச் சான்றிதழை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: பரிசோதனை நடந்த அன்று, எதையும் கழற்றாமல் பார்த்த அளவில், சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி வண்டிக்கு இருந்தது. சான்றிதழ் சொல்வது அவ்வளவுதான். அந்த அளவுக்கு நம்புங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்ப்பார். சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்முக்குள் எட்டிப் பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. பிரிட்டனின் சாலைத் தகுதிப் பரிசோதனையான எம்ஓடியில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றின் நிலையும் கணக்கிலேயே வராது. பழைய வண்டியில் பணம் கரைவதோ பெரும்பாலும் அந்த மூன்றில்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய வண்டியை வாங்கினேன். சான்றிதழ் வாங்கி 40 நாள்கூட ஆகியிருக்கவில்லை. முதல் நீண்ட பயணத்தில், ஒரு இறக்கத்தில் முன் பிரேக்கை மெதுவாகத்தான் பிடித்தேன். கையை விட்ட பிறகும் சக்கரம் விடவில்லை. விழாமல் ஓரம் கட்டியது என் அதிர்ஷ்டம். பிரித்துப் பார்த்தால், பிரேக் ஷூவில் ஒட்டியிருந்த லைனிங் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) மொத்தமாகப் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிக் கிடந்தது. லைனிங் தேய்ந்திருக்கவே இல்லை, நல்ல கனத்தில் இருந்தது. வண்டி பல வருடம் ஈரத்தில் நின்றதில் ஷூவின் அலுமினியம் பூத்துப்போய் பசை விட்டுவிட்டது. பரிசோதனை அன்று அந்த பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும். பரிசோதித்தவர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் 'தேறியது' என்ற வார்த்தையைவிட, சான்றிதழில் எழுதியிருக்கும் கிலோமீட்டரைக் கவனியுங்கள். முந்தைய சான்றிதழ்களையும் கேட்டு வாங்கி வரிசையாக வையுங்கள். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் 50 கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது என்றால், வண்டி பரிசோதனைக்குப் போய் வந்ததைத் தவிர வெளியே தலைகாட்டவில்லை. (ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தும் இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.) ஓடாமல் நிற்கும் வண்டி ஓசையில்லாமல் கெடும். பெட்ரோல் கெட்டு கார்புரேட்டர் துளைகளில் பிசினாகப் படியும், ஆயில் சீல்கள் காய்ந்து இறுகும். டிஸ்க் பிரேக் என்றால் அதன் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகை ஃப்ளூயிடுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஃப்ளூயிடுக்கு அந்த வரம்பே 155 டிகிரிதான். நிறுத்தி வைத்து லீவரை அழுத்தினால் இந்த வித்தியாசம் தெரியாது. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது தெரியும்.

டயரும் அப்படித்தான். அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் புதிதுபோல இருக்கும், பரிசோதனையிலும் தேறிவிடும். நீங்கள் டயரின் பக்கச் சுவரில் குனிந்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. பேரம் பேசும்போதே இரண்டு புது டயரின் விலையைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது ஹேண்டில்பார். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் தள்ளி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் தானாக நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. இதை நல்ல பரிசோதகர் பிடித்துவிடுவார். எல்லோரும் பிடிப்பதில்லை.

டிரம் பிரேக் என்றால் வெளியில் இருக்கும் கேம் லீவரை, அதாவது உள்ளே ஷூவை விரிக்கும் சிறு கையை, பாருங்கள். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது லீவருக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் நடுவில் 90 டிகிரிக்கு மேல் போனால் லைனிங் முடிவுக்கு வந்துவிட்டது. லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி இதை மறைப்பவர்களும் உண்டு, ஆகவே கோணம் சரியாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

என் யோசனை: முழுப் பணம் கொடுக்காமல் சிறு முன்பணம் கொடுங்கள். 'வாங்குபவர் அழைத்து வரும் மெக்கானிக் இரு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துச் சம்மதித்தால்தான் விற்பனை, இல்லையேல் முன்பணம் திரும்பும்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த மாடலைப் பிரித்து மாட்டிப் பழகியவரை நீங்களே தேடிப் பிடித்து, கூலியும் நீங்களே கொடுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு அவரே ஒப்பிடட்டும். போகும் அன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். காலையில் என்ன பாடுபடுத்தும் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். சக்கரம் கழற்ற விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

கேள்வி: மிகப் பழைய வண்டிகளுக்குப் பரிசோதனையே தேவையில்லை என்று சில நாடுகளில் விலக்கு தருகிறார்களாமே, அப்படியானால் ஆபத்து குறைவு என்றுதானே அர்த்தம்?

பதில்: விலக்கு தரும்போது அந்த வண்டியை யாரும் பிரித்துப் பார்த்துத் தருவதில்லை. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆனால் சாலையில் ஓட்டும் நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளருக்கு அப்படியே இருக்கிறது. விரும்பினால் தானாகவே கொண்டுபோய்ப் பரிசோதிக்கலாம். விலக்கு இருந்தும் வருடாவருடம் பரிசோதனைக்குப் போன வண்டியை நான் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவேன்.

கேள்வி: சான்றிதழை நம்பி வாங்கிய இரண்டே வாரத்தில் முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகுகிறது. பரிசோதித்தவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கஷ்டம். நின்றிருந்த வண்டியை ஓட்டத் தொடங்கியதும் காய்ந்த ஃபோர்க் சீல் விடுவது சகஜம். பரிசோதனை அன்று ஒழுகவில்லை என்றால் அவர் தப்பு எதுவும் இல்லை. விற்றவர் வண்டியின் நிலை பற்றி எழுத்தில் என்ன சொன்னார் என்று தேடுங்கள். விளம்பரம், குறுஞ்செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள். சீலை மாற்றுவதற்கு முன் ஃபோர்க் குழாயைத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். துருப் பொட்டு நகத்தில் தட்டினால் புது சீலும் கிழியும், குழாயையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். எதையும் கழற்றும் முன் தேதியோடு படம் எடுத்து விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.